உறை ஒட்டாத வருஷம்

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, வீட்டில் ஆயிரம் வேலை இருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, வணக்கம். அவ்வளவுதான். வணக்கம் சொல்லவே மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்ட எதிரணித் தம்பியிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான்.

முடியப்போகிற இந்த 2016-ல் உலகம் இரண்டுபட்டதற்குப் பெரிதும் காரணம் தலைவர்களா, மக்களா என்பது தலைப்பு. மக்களே என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் முன்னால் நின்று உங்களையே குற்றம் சொல்ல வேண்டும், கைதட்டலையும் உங்களிடமே வாங்க வேண்டும். நடுவர் எனக்கு எந்த ஜென்மத்துப் பாக்கியைத் தீர்க்கிறார் என்று தெரியவில்லை.

தம்பி முடிக்கும்போது ஒரு வார்த்தை விட்டார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அடுத்துப் பேசப்போகிற அண்ணன் வருஷம் முழுக்க அரசியல் எழுதுகிறவர். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறாது என்று எழுதினார், வெளியேறுகிறேன் என்றது. டிரம்ப் வரமாட்டார் என்று எழுதினார், வந்துவிட்டார். மழை வராது என்று அண்ணன் எழுதினால் எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்" என்றார்.

பத்து நிமிஷத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அது சட்டைப் பையிலேயே தூங்கட்டும். இந்தக் குடைக்குப் பதில் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

ஏன் தம்பி, தப்பாகச் சொன்னவன் நான் ஒருவன்தானா? ஜூன் 23 ராத்திரி, பிரிட்டனில் ஓட்டுப்பதிவு முடிந்த நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியே தீர வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் தொண்டை வற்றக் கத்தியவர் நைஜல் ஃபராஜ். அவரே அன்று ராத்திரி, இருப்போம் என்கிறவர்கள்தான் ஜெயிப்பார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். விவாகரத்துக் கேட்டவரே கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார், விடிவதற்குள் கிடைத்துவிட்டது! வெளியேறுவோம் என்றது 51.9 சதவீதம், இருப்போம் என்றது 48.1. விடியற்காலை அதே மனிதர் வெற்றிப் பேச்சும் பேசினார். குடை கொடுப்பதென்றால் முதல் குடையை அவருக்குக் கொடுங்கள். இரண்டாவதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

அப்போது பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன்தான் பிரித்தார் என்றார் தம்பி. வாக்கெடுப்பு வைத்தவர் அவர்தான், நான் மறுக்கவில்லை. வைத்துவிட்டு என்ன சொன்னார்? இருங்கள் என்றார். ஏப்ரலில் ஒபாமா லண்டனுக்கே போய் இருங்கள் என்றார். தலைவர் சொன்னால் மக்கள் ஆடுவார்கள் என்றால் இந்நேரம் பிரிட்டன் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமே!

கொலம்பியாவைப் பாருங்கள். 52 வருஷச் சண்டை. அரசாங்கமும் கெரில்லாக்களும் செப்டம்பர் 26 அன்று துப்பாக்கிக் குண்டில் செய்த பேனாவால் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். குண்டு பேனா ஆகிவிட்டது, அய்யா. ஆறே நாள்தான். அக்டோபர் 2-ல் மக்களிடம் கேட்டால், 50.2 சதவீதம் வேண்டாம் என்றது. வித்தியாசம் 54 ஆயிரம் ஓட்டுக்கூட இல்லை. நூற்றுக்கு 38 பேர்கூட ஓட்டுப்போட வரவில்லை. கை குலுக்கியது தலைவர்கள், கையை உதறியது யார்?

அப்புறம் ஒரு பழமொழி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இதைத் தலைவர்களுக்கு எதிராகத் தம்பி இரண்டு தடவை எடுத்துவிட்டார். நன்றாகக் காதில் வாங்குங்கள். ஊர் இரண்டுபட்டால்! கூத்தாடி இரண்டுபடுத்தினால் என்று எந்தக் கிழவியும் சொல்லி வைக்கவில்லை. ஊர் தானாகவே பிரிந்து நிற்கிறது, கூத்தாடி அப்புறம்தான் மேளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நடுவர் அவர்களே, தீர்ப்பை எழுத ஆரம்பிக்கலாம். மீதி நேரத்துக்கு நான் ஒரு கதை சொல்கிறேன்.

ஆஸ்திரியாவில் ஜனாதிபதி தேர்தல். மே மாதம் நேரில் வந்து போட்ட ஓட்டையெல்லாம் எண்ணினால் நோர்பர்ட் ஹோஃபர் முன்னால் நிற்கிறார். மறுநாள் தபால் ஓட்டை எண்ணினால் வான் டெர் பெல்லன் 30,863 ஓட்டில் ஜெயித்துவிட்டார். ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. தோற்ற கட்சி கோர்ட்டுக்குப் போனது. மோசடி நடந்ததற்குச் சாட்சி இல்லை, ஆனால் தபால் ஓட்டை எண்ணியதில் விதியை மீறியிருக்கிறீர்கள், மறுபடி நடத்துங்கள் என்று ஜூலையில் தீர்ப்பு. சரி, அக்டோபர் 2-ல் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் குறித்தாயிற்று.

இங்கேதான் கதையே. தபால் ஓட்டு உறைகளை அனுப்பினார்கள். வாங்கியவர் ஓட்டைப் போட்டார், உறைக்குள் வைத்தார், ஒட்டினார். இப்படி அழுத்தி, இப்படித் தடவி, மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. பசை பிடிக்கவில்லை! மறுபடி அழுத்துகிறார். மறுபடி திறக்கிறது. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாமே, இன்னொரு தடவை செய்து காட்டுகிறேன். அழுத்துகிறார், தடவுகிறார், மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை எடுக்கிறார்... பக்! திறந்துகொண்டது.

பசைதானே, ஒரு குச்சிப் பசை வாங்கித் தடவி அனுப்பலாமே என்றால் முடியாது. பிரிந்த உறை செல்லாத உறை. உள்துறை அமைச்சர் செப்டம்பர் 12 அன்று, தேர்தலை டிசம்பர் 4-க்குத் தள்ளி வைக்கிறோம், காரணம் பசை என்று அறிவித்தார். ஒரு நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற வேலை பசையால் நின்றுபோனது! ஓட்டு விழுந்தாயிற்று, எண்ணியாயிற்று, கோர்ட் சொல்லியாயிற்று, ஆனால் ஒட்டமாட்டேன் என்கிறது. இந்த வருஷத்துக்கு இதைவிட நல்ல படம் ஒன்று யாராவது வைத்திருந்தால் என்னிடம் கொடுங்கள்.

தம்பி இதையும் தலைவர் தலையில் கட்டுவார். பசைக்கும் டிரம்ப்தான் காரணம் என்பார். இருங்கள். ஒட்டாமல் போன இன்னொரு உறை என் பையிலேயே இருக்கிறது.

நான் ஏன் தப்பாக எழுதினேன் தெரியுமா? எனக்கு ஓர் அண்ணன். செய்தித்தாள் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தலையங்கத்தைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வார், லகரம் தடுக்கினால் நடுமண்டையில் ஒரு குட்டு. இந்த மார்ச் மாதம் அவர், "டிரம்ப் ஜெயிப்பாருடா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜெயிப்பார் என்றுதான் அவர் சொன்னார். ஜெயிக்கணும் என்று என் காதில் விழுந்தது. போனில் கத்தினேன். "உங்ககூடப் பேசினா புத்தி கெட்டுப்போகும்" என்றேன், குட்டு வாங்கிய அதே வாயால்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அவருக்கு மியூட் போட்டேன். எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, ஒரு வருஷமா என்று அது கேட்டது. ஒரு வருஷத்தைத் தொட்டேன். ஆயுளுக்கும் என்று நாலாவதாக ஒன்று அன்று அதில் இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் தொட்டிருப்பேன்.

மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் என்னை மாதிரியே பேசுகிறவர்கள். நான் எழுதுவேன், சபாஷ் என்பார்கள். அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். எங்கே தம்பி குடை எடுப்பது? மழை பெய்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை நான்தான் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேனே! எந்தத் தலைவர் வந்து என் கட்டைவிரலைப் பிடித்து அந்தப் பொத்தானை அழுத்தினார்?

நவம்பர் 9, அமெரிக்க முடிவு வந்துவிட்டது. எதிர்த்து நின்ற ஹிலாரிக்கு 28 லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம், ஆட்சி டிரம்புக்கு என்ற கணக்கெல்லாம் அப்புறம் வந்தது. நான் அன்று முதலில் திறந்தது அண்ணனைத்தான். பார்த்தாயா என்று எகத்தாளம் பண்ணியிருப்பார், பிடி பிடி என்று பிடிக்கலாம் என்று திறந்தேன். படிக்காமல் எட்டு மாதச் சேதி கிடக்கிறது.

ஜூனில் ஒன்று. "வெளியே போறாங்களாம். உன் கட்டுரை தப்பாப் போச்சு. பரவாயில்லை, நடை நல்லா இருந்தது."

செப்டம்பரில் ஒன்று. "ஆஸ்திரியாவில் உறை ஒட்டலையாம். தனியா உட்கார்ந்து சிரிச்சேன். உன்கிட்ட சொல்லணும்போல இருந்தது."

அக்டோபரில் ஒன்று. "நாளைக்குக் கண் ஆபரேஷன். பயப்படாதே. அதுக்கப்புறம் நீ எழுதுறதைக் கண்ணாடி இல்லாமப் படிக்கலாம்னு டாக்டர் சொல்றார்."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நவம்பர் 9-க்கும் ஒன்றும் இல்லை. ஜெயிப்பார் என்று சொன்ன மனிதர், ஜெயித்த அன்றைக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை.

தலைப்பை நான் விட்டுவிட்டேன் என்று தம்பி குறித்துக்கொள்கிறார். குறித்துக்கொள்ளுங்கள் தம்பி. கொலம்பியாவில் பொஹயா என்று ஓர் ஊர். அதே சண்டையில், 2002-ல் மாதா கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து, குழந்தைகளோடு செத்துப்போன ஊர். வாக்கெடுப்பில் அந்த ஊர் கிட்டத்தட்ட மொத்தமாகச் சமாதானம் வேண்டும் என்றது. அவர்களால் முடிந்திருக்கிறது. எனக்கு ஒரு போன் பண்ண ஒரு மாதம் ஆயிற்று. எண்ணை எடுப்பேன், வைப்பேன். முதலில் என்ன சொல்வது?

டிசம்பரில் ஆஸ்திரியா மறுதேர்தல் முடிந்து சில நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். இரண்டு தடவை மணி அடித்தது, எடுத்துவிட்டார். "அண்ணே" என்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ஏண்டா, ஆஸ்திரியாவில் இந்தத் தடவை ஒட்டிடுச்சாமே?"

"ஒட்டிடுச்சுண்ணே" என்றேன்.

நடுவர் மணியடிக்கிறார். குறிப்பு இன்னும் பையில்தான் இருக்கிறது. உட்காருகிறேன்.