உலோக நுரையின் ஊடே காற்று: கணினிக் கணக்கில் இருபடி உறுப்பு

[திரை: வெட்டப்பட்ட அலுமினிய நுரையின் அண்மைக் காட்சி]

இந்த நுரையின் கனஅளவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெற்றிடம்தான். எஞ்சியிருப்பவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் மெல்லிய உலோக இழைகள். காற்று எளிதில் கடந்துவிடும் என்றே தோன்றும். ஆனால் ஒவ்வோர் இழையும் காற்றைப் பிளந்து, திசைதிருப்பி, தன் பின்னால் சுழிகளை உண்டாக்குவதால் அழுத்தம் தொடர்ந்து குறைகிறது. இழைகள் அனைத்தையும் கணினியில் வரைந்து கணக்கிடுவதற்கான சிறு கட்டங்களாக வலையமைத்தால், கட்டங்களின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். ஆகவே, நுரை இருக்கும் பகுதியைச் சீரான நுண்துளை ஊடகமாகக் கொண்டு, இழைகள் தரும் தடையை மட்டும் உந்தச் சமன்பாட்டில் (காற்றின் இயக்கத்தை விசைகளோடு இணைக்கும் சமன்பாடு) சேர்க்கிறோம்.

[திரை: இரண்டு உறுப்புகள் கொண்ட சமன்பாடு]

மணலின் வழியே நீர் ஊடுருவுவதை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, 1856-இல் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று காட்டினார். வேகம் கூடினால் அது போதாது என்பதால், 1901-இல் பொறியாளர் ஃபோர்க்ஹைமர் வேகத்தின் இருபடியைச் சார்ந்த உறுப்பொன்றைச் சேர்த்தார். உலோக நுரையில் இந்த இரண்டாம் உறுப்பே பெரும்பாலும் ஆட்சி செய்கிறது.

ஊடுருவுதிறன் (காற்று எவ்வளவு எளிதில் புகுகிறது என்பதன் அளவு) 1 சதுர மீட்டரில் கோடியில் ஒரு பங்கு, நிலைமக் கெழு (இருபடி உறுப்பின் வலிமையைக் குறிக்கும் எண்) 0.1 என்று ஒரு நுரையை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலைக் காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நுழைந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் டார்சி உறுப்பு (வேகத்துக்கு நேர்விகிதமானது) சுமார் 900 பாஸ்கல் தருகிறது; இருபடி உறுப்போ ஏறத்தாழ 9,500 பாஸ்கல் தருகிறது. இரண்டும் சமமாவது வினாடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்திலேயே. ஊடுருவுதிறனை மட்டும் உள்ளிட்டுக் கணக்கை ஓட்டுபவர், உண்மையான அழுத்த வீழ்ச்சியில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காணமாட்டார்.

[திரை: கெழுக்களை உள்ளிடும் பெட்டி]

இங்கே மிகுந்த கவனம் தேவை. ஃபுளுவென்ட், ஓபன்ஃபோம் ஆகிய பாய்மக் கணிப்பு மென்பொருள்கள் இருபடி உறுப்பை அடர்த்தியின் பாதியால் பெருக்குகின்றன. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அந்தப் பாதி இருப்பதில்லை. கட்டுரையில் கண்ட மதிப்பை இருமடங்காக்காமல் உள்ளிட்டால், எந்தப் பிழைச் செய்தியும் வராமலேயே நிலைமத் தடை பாதியாகிவிடும். வேகமும் அப்படித்தான்: கெழுக்கள் வழக்கமாக நுரையே இல்லாத குழாயில் இருக்கும் வேகத்தை வைத்துக் கணிக்கப்படுபவை, துளைக்குள் நிலவும் வேகம் அதைவிடக் கூடுதல்.

வெப்பத்தையும் கணக்கிடுவதானால், உலோகத்துக்கும் காற்றுக்கும் தனித்தனி வெப்பநிலைச் சமன்பாடுகளை அமைப்பதே நல்லது. அலுமினியம் காற்றைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், ஒரே இடத்தில் இரண்டின் வெப்பநிலையும் வேறுபட்டே இருக்கும்.