காணாத பலகையில் ஆடுவோர்

நேயர்களுக்கு வணக்கம். சதுரங்கப் பலகையைப் பார்க்காமலே ஒரே வேளையில் பலருடன் ஆடும் வித்தையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

எதிராளிகள் ஒவ்வொருவர் முன்பும் பலகை விரிந்திருக்கும். ஆட்டக்காரரோ கண்ணைக் கட்டிக்கொண்டோ முதுகைக் காட்டி அமர்ந்தோ, “ஏழாம் பலகை, குதிரை எஃப்3” என்று காயையும் அது செல்லும் கட்டத்தின் பெயரையும் சொல்லி, வாயால் மட்டுமே காய் நகர்த்துவார். 1858இல் பாரிஸில் பால் மார்ஃபி எட்டுப் பேருடன் இவ்வாறு ஆடினார். 2016இல் லாஸ் வேகாஸில் தைமூர் கரேயெவ் 48 பேரை எதிர்கொண்டு, 35 ஆட்டங்களில் வென்றார்.

பலகை முழுவதும் புகைப்படமாக மனத்தில் பதிந்திருக்கும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பிரெஞ்சு உளவியலாளர் ஆல்பிரட் பினே 1894இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது: தேர்ந்த ஆட்டக்காரர்களின் நினைவில் நிற்பது காயின் நிறமோ வடிவமோ அன்று, எந்தக் காய் எதைக் காக்கிறது, எதைத் தாக்குகிறது என்னும் உறவே.

ஆகவேதான், தொடக்கமே மிகக் கடினமான கட்டம். எல்லாப் பலகைகளும் ஒன்றுபோல் இருக்கும்போது ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்வது எளிது. அதைத் தவிர்க்க, முதல் சில பலகைகளில் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயையும், அடுத்த சிலவற்றில் ராணியின் முன்னுள்ள சிப்பாயையும் நகர்த்தி, தொடக்கங்களை முன்கூட்டியே வகுத்துக்கொள்வார்கள். பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களுக்குள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி முகம் வந்துவிடும்.

இவ்வித்தைக்கு மனிதத் துயரமும் காரணமாயிருந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரினால் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்ட போலந்துச் சதுரங்க வீரர் மிகேல் நைடோர்ஃப், தாம் உயிரோடிருக்கும் செய்தி போலந்திலுள்ள குடும்பத்தாரை எட்டாதா என்ற ஏக்கத்தில்தான் 1943இல் 40 பலகைகளில் ஆடினார். அவர்கள் அனைவரையும் போர் விழுங்கிவிட்டது.

சென்னைக்கு இத்தகைய நினைவாற்றல் புதிதன்று. 1907இல் விக்டோரியா மண்டபத்தில் தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர், ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்தினார். கேள்விக்கு விடை, வெண்பா, முதுகில் விழும் நெல்மணிகளின் எண்ணிக்கை என விரியும் அவதானக் கலையில் சதுரங்கத்துக்கும் சொக்கட்டானுக்கும் இடமுண்டு.

நம் நகரத்துப் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து பலகையை மூடியபின், “டி5 வெள்ளைக் கட்டமா, கறுப்பா? ஜி1இல் உள்ள குதிரை எங்கெல்லாம் போகும்?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அது கைவந்தபின் ராஜாவும் ஓரிரு சிப்பாய்களும் மட்டுமுள்ள ஒரு முடிவாட்டத்தை வாயாலேயே ஆடச் சொல்லுங்கள். முழு ஆட்டம் அதற்கப்பால். இரண்டாம் பலகை அதற்கும் அப்பால்.