புலிட்சர் வாங்கிய நிருபர் தன் கதையை எழுதத் திணறியது ஏன்?

வணக்கம் நண்பர்களே! ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேட்டு எழுதிய ஒரு நிருபர், சொந்தக் கதையை எழுத உட்கார்ந்தார். முதல் பிரதியில் அவரும் இல்லை, அவருடைய அம்மாவும் சரியாக இல்லை. எப்படி?

அவர் பெயர் ரஸ்ஸல் பேக்கர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1925இல் பிறந்தவர். 1947இல் 'பால்டிமோர் சன்' நாளிதழில் போலீஸ் செய்தி நிருபர், 1954இல் 'நியூயார்க் டைம்ஸ்', 1962 முதல் 1998 வரை அங்கேயே 'அப்சர்வர்' என்ற பத்தி, அதாவது தொடர்ந்து எழுதும் கட்டுரைப் பகுதி. 1979இல் அந்தப் பத்திக்கு, பத்திரிகைக்கும் எழுத்துக்கும் தரப்படும் பெரிய அமெரிக்க விருதான புலிட்சர் பரிசு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நினைவுக் குறிப்பு எழுத முடிவெடுத்ததும் பேக்கர் என்ன செய்தார் தெரியுமா? டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களைப் பேட்டி எடுத்தார்! அவர்கள் சொன்னதையெல்லாம் நிருபர் பாணியில் எழுதித் தள்ளினார். படித்துப் பார்த்தால் உயிரே இல்லை. செய்தியில் 'நான்' வரக்கூடாது என்று பழகிய கை அல்லவா? அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் இருந்த இழுபறி, அதுதானே கதை, அதையே விட்டுவிட்டார்.

அப்புறம் மனைவியிடம், "மாடிக்குப் போய் என் வாழ்க்கைக் கதையைப் புனையப்போகிறேன்" என்றாராம். பொய் எழுதப்போகிறேன் என்று அர்த்தமில்லை. குவிந்து கிடந்த தகவல்களில் எதைச் சொல்வது, எதை விடுவது, எங்கே தொடங்குவது என்று ஒரு கதாசிரியனாக முடிவெடுத்தார். அப்படி வந்ததுதான் 1982இல் வெளியான 'குரோயிங் அப்'.

அதில் எனக்கு உயிரான இடம் ஒன்று. பேக்கருக்கு ஐந்து வயதில் அப்பா இறந்துபோகிறார். பொருளாதாரப் பெருமந்தக் காலம். பையன் எப்படியாவது முன்னுக்கு வரவேண்டும் என்று, எட்டு வயதிலேயே வாரப் பத்திரிகை விற்க அனுப்புகிறார் அம்மா. அவனோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் தெருமுனையில் நிற்கிறான். ஏழு வயதுத் தங்கை டோரிஸ் பையை வாங்கிக்கொண்டு, சிவப்பு விளக்கில் நிற்கும் காரின் கண்ணாடியைக் குட்டிக் கையால் தட்டுகிறாள். "பத்திரிகை வேணுமா? அஞ்சு சென்ட்!" என்ன தைரியம் பாருங்கள்! ஆனால் அந்தக் காலத்தில் அம்மாவின் கனவெல்லாம் மகன்மேல்தான். அண்ணனின் கூச்சம், தங்கையின் துணிச்சல், அம்மாவின் அவசரம் மூன்றும் ஒரே தெருமுனையில் வந்து நிற்கின்றன. எத்தனை பேட்டி எடுத்தாலும் இது கிடைக்காது என்பேன்.

இந்தப் புத்தகத்துக்கு 1983இல் இரண்டாவது புலிட்சர், இந்த முறை வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில். 1989இல் பத்திரிகை வாழ்க்கையைப் பற்றி 'த குட் டைம்ஸ்' எழுதினார். 2019இல் காலமானார்.

முதலில் 'குரோயிங் அப்' படியுங்கள். அதில் யார் உங்கள் மனதில் நின்றார், அம்மாவா, டோரிஸா? கமெண்டில் சொல்லுங்கள். என் ஓட்டு டோரிஸுக்கு!