கொதிநீரும் டீஎன்ஏயின் உருகுநிலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நுவரெலியாவில் கேத்தல் கொதிக்கும்போது வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 100 பாகை வராது. 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் 94 பாகைக்குக் கிட்ட நின்றுவிடும். மனித டீஎன்ஏயின் இரட்டை இழையைப் பிரிக்க அந்தச் சூடே போதும். கோவிட் காலத்தில் நாமெல்லாம் செய்துகொண்ட பீசீஆர் பரிசோதனையிலும் ஏறக்குறைய இதே சூடுதான்.

இழை அறுவதில்லை, ஜோடி பிரிகிறது. மெதுவாக ஆறவிட்டால் மறுபடி சேரும். சூடேற்றும்போது சரிபாதி பிரிந்திருக்கும் வெப்பநிலைதான் உருகுநிலை. அதைக் கண்டுபிடிக்க 260 நனோமீற்றர் புறவூதா ஒளியைக் கரைசலுக்குள் செலுத்துவார்கள். பிரிந்த இழை ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். முழுவதும் பிரிந்ததும் உறிஞ்சல் சுமார் 40 வீதம் கூடியிருக்கும். அந்த ஏற்றத்தின் நடுப்புள்ளியைப் பார்த்து உருகுநிலையைக் குறித்துக்கொள்ளலாம்.

சரி, அது ஏன் டீஎன்ஏக்கு டீஎன்ஏ மாறுகிறது? டீஎன்ஏயின் நான்கு எழுத்துகள் அடினைன், தைமின், குவானின், சைற்றோசின்; ஓர் இழையின் எழுத்து மற்ற இழையின் எழுத்தோடு ஜோடி சேரும். உயர்தரப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: அடினைன், தைமின் ஜோடிக்கு 2 ஐதரசன் பிணைப்பு, குவானின், சைற்றோசின் ஜோடிக்கு 3. சரிதான், ஆனால் பாதி விடை. ஜோடிகள் அடுக்கிவைத்த ரொட்டி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. பக்கத்து ஜோடியோடு ஒட்டிக்கொள்ளும் அந்த ஈர்ப்புத்தான் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய பலம். ஆகவே எழுத்துகளின் வரிசையும் முக்கியம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய மனக்குறை.

அப்புறம் உப்பு. இரண்டு இழைகளிலும் மறை ஏற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அயன்கள் சூழ்ந்து நின்று அந்தத் தள்ளலைத் தணிக்கும். உப்புக் கூடினால் உருகுநிலையும் ஏறும்.

1962இல் மார்மர், டோட்டி என்ற விஞ்ஞானிகள் ஒரு குறிப்பிட்ட உப்புச் செறிவில் உருகுநிலையைக் கணக்கிடச் சூத்திரம் தந்தார்கள். மொத்த எழுத்துகளில் குவானினும் சைற்றோசினும் சேர்ந்து எத்தனை வீதமோ, அதை 0.41ஆல் பெருக்கி 69.3ஐக் கூட்ட வேண்டும். மனிதனுக்கு அது 41 வீதம், விடை 86 பாகை. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பக்டீரியாவில் அது 70 வீதத்தைத் தாண்டும், அப்படியென்றால் 98 பாகைக்கு மேல். அதே உப்புக் கரைசலில் அதைப் பிரிக்க நுவரெலியாக் கொதிநீர் போதாது!

பீசீஆருக்குப் போடும் சிறு டீஎன்ஏ துண்டுகளுக்கு இந்தச் சூத்திரம் சரிவராது. அவற்றுக்குக் கணினியில் கணக்குப் போடுகிறோம். இரண்டு கணிப்பான்கள் வேறு வேறு விடை தந்தால் பிள்ளைகள் குழம்ப வேண்டாம். ஒவ்வொன்றிலும் உப்புச் செறிவு என்று என்ன எண் போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.