எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் பிரஷர்தான்

நேயர்களுக்கு வணக்கம். பத்து நிமிசம் தந்திருக்கினம், ஆனா தலைப்பச் சொன்ன உடனே அறிவிப்பாளர் தங்கச்சி கேட்டா, "சின்னப் பிள்ளையளுக்கும் பிரஷர் வருமோ டொக்டர்?" எண்டு. அதில இருந்தே தொடங்கிறன்.

வரும். நான் பாத்த ஒரு பெடியனப் பற்றிச் சொல்லுறன், ஒன்பது வயசு. தலையிடி, தலையிடி எண்டு ஒரு வருசமா சொல்லிக்கொண்டிருந்தவன். கண்ணாடி போட்டாச்சு, ஃபோனப் பறிச்சாச்சு, புத்தகப் பையும் பாரம் குறைச்சாச்சு. கடைசியில முட்டு இழுப்புக்குத்தான் எங்களிட்ட வந்தவன். நர்ஸ் கையில பட்டியக் கட்டி அழுத்தினா 148க்கு 96. மிஷின் பிழையெண்டு நினைச்சு, அவன அஞ்சு நிமிசம் சும்மா இருக்கவிட்டு நானே கையால பாத்தன், அப்பவும் அதேதான். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் பிரஷர் பாத்ததே இல்ல.

வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ எண்டு தாயக் கேட்டன். அவ சிரிச்சுக்கொண்டு சொன்னா, "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் பிரஷர்தான் டொக்டர்." தகப்பன் 34 வயசில மூண்டு விதமான குளிசை போடுறாராம். தகப்பன்ர தகப்பன் 38 வயசில மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஒரே நாளில போயிட்டாராம். நாங்கள் இதக் கேட்டா 'பரம்பரை வருத்தம், என்ன செய்யிறது' எண்டு விட்டுடுவம், ஆனா டொக்டருக்கு அது ஒரு துப்பு. நாப்பதுக்கு முதல் பாரிசவாதம் வந்த ஆள், இளம் வயசிலயே பிரஷர் பிடிச்ச ஆள் எண்டு ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு மூண்டு பேர் இருந்தா, அங்க உப்பையும் டென்ஷனையும் மட்டும் குறை சொல்லக் கூடாது.

எங்கட ரெண்டு கிட்னிக்கும் மேல தொப்பி மாதிரி ஒவ்வொரு சுரப்பி இருக்கு, அட்ரீனல். அது சுரக்கிறதில ரெண்டு சாமானப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப்போறன். ஒண்டு அல்டோஸ்டிரோன், உடம்பில உப்பப் பிடிச்சு வைக்கிறது, இதுக்குப் பெரும்பாலும் கிட்னி பக்கத்தில இருந்துதான் ஓடர் வரும். மற்றது கோர்ட்டிசோல், அதுக்கு மூளையடியில இருக்கிற பிட்யூட்டரி ஓடர் குடுக்கும். இந்த ரெண்டையும் செய்யிற ஜீன் ரெண்டும் எட்டாவது குரோமோசோமில பக்கத்துப் பக்கத்து வீடு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி. சில குடும்பங்களில ஒரு தலைமுறையில இது ரெண்டும் மாறிக் கொழுவுப்பட்டுப் போகும். பழைய வீடுகளில வயரிங் மாறி, குசினி சுவிச்சப் போட்டா அறை லைட் பத்துமே, அப்பிடித்தான். கோர்ட்டிசோலுக்குப் போட்ட சுவிச்சுக்கு அல்டோஸ்டிரோன் பத்துது, நாள் முழுக்க உப்பு சேருது, பிரஷர் ஏறுது.

1966இல கனடாவில ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் இதக் கவனிச்சு எழுதினவை. 1992இல ரிச்சர்ட் லிஃப்டன் எண்டவரும் அவரோட வேலை செய்த ஆக்களும் அந்தக் கொழுவுப்பட்ட ஜீனையே கண்டுபிடிச்சவை. எனக்குப் பிடிச்ச விசயம் இதின்ர வைத்தியம்: சின்ன அளவில ஸ்டீரொயிட் குடுத்தா, அதுவும் கோர்ட்டிசோல் மாதிரித்தானே, போதுமெண்டு பிட்யூட்டரி சுவிச்ச நிப்பாட்டும், பிரஷர் இறங்கும். ஸ்டீரொயிட் பிரஷர ஏத்தும் எண்டுதானே எல்லாரும் பயப்பிடுறது, இங்க தலைகீழ். வளர்ற பிள்ளையெண்டதால அளவு மட்டாத்தான் குடுக்கவேணும், சிலருக்கு அல்டோஸ்டிரோனத் தடுக்கிற குளிசையே போதும். இன்னொண்டு, ரத்தத்தில பொட்டாசியம் குறைஞ்சாத்தான் இந்த வருத்தம் எண்டு ஒரு நினைப்பு இருக்கு, கன பேருக்கு அது நோர்மலாத்தான் இருக்கும். அதால கிட்னி சுரக்கிற ரெனின் எண்டதையும் அல்டோஸ்டிரோனையும் சேத்துப் பாக்கவேணும், ரெனின் அடியில கிடக்கும். தாய் தகப்பனில ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ்.

அதிமதுரம் தெரியும்தானே, இருமலுக்கு வாயில அடக்குவம், சிங்களத்தில வல்மி. அத மாசக்கணக்கா அளவில்லாமச் சாப்பிட்டா பிரஷர் ஏறும். ஏனெண்டா கிட்னியில ஒரு காவல்காரன் இருக்கிறான், ஒரு நொதியம், அல்டோஸ்டிரோனுக்கு உரிய கதவடியில கோர்ட்டிசோல் போய் நிக்காமத் துரத்துறது அவன்ர வேலை. அதிமதுரம் அவன மயக்கிப்போடும், அப்ப கோர்ட்டிசோலே அந்தக் கதவால போய் உப்பச் சேர்க்கும். சில பிள்ளையள் அந்தக் காவல்காரன் இல்லாமலே பிறக்கிறவை. பிறக்கேக்க நிறை குறைவு, சரியா வளராயினம், தண்ணி தண்ணி எண்டு கேப்பினம், பிரஷர் பயங்கரமா இருக்கும். இது தாயிட்ட ஒண்டு தகப்பனிட்ட ஒண்டு எண்டு ரெண்டு பக்கத்தாலயும் வரவேணும், அதால மச்சான் மச்சாள் கலியாணம் செய்த குடும்பங்களில கொஞ்சம் கூடவே சந்தேகப்படுவம். இதச் சொன்னா சில வீடுகளில மாமியார் மூஞ்சை சுருங்கும், நான் கலியாணத்தக் குறை சொல்ல வரேல்ல.

வேற ஒரு வகையில கோர்ட்டிசோல் செய்யிற வழி நடுவில அடைபட்டு, உப்புப் பிடிக்கிற ஒரு சாமானும் ஆண் ஹோர்மோனும் தேங்கும், ஆறு வயசுப் பெடியனுக்கு மீசை அரும்பினா வீட்டில பகிடி பண்ணாமக் கூட்டிக்கொண்டு வாங்கோ.

பிறகு அட்ரீனலில வாற ஒரு கட்டி, ஃபியோகுரோமோசைட்டோமா, பேர விடுங்கோ. திடீரெண்டு முகம் வெளிறி, வேர்த்து ஊத்தி, நெஞ்சு படபடத்து, தலையிடிக்கும், கொஞ்ச நேரத்தில ஒண்டும் நடக்காத மாதிரி விளையாடப் போயிடும். பயந்திட்டுது எண்டு நூல் கட்டுறம். கட்டுங்கோ, கட்டிப்போட்டு பிரஷரையும் பாருங்கோ. பிள்ளையளுக்கு இந்தக் கட்டி வந்தா பெரும்பாலும் பரம்பரை ஜீன்தான் காரணம், அப்ப குடும்பத்தில மற்ற ஆக்களையும் பாக்கவேணும்.

மூண்டு வயசு முடிஞ்சா வருசத்துக்கு ஒருக்காப் பாத்தாக் காணும். பட்டி பிள்ளையின்ர கைக்கு அளவா இருக்கோணும், சின்னப் பட்டியெண்டா இல்லாத பிரஷரக் காட்டும், பெரியவைக்குக் கட்டுறதக் கட்டினா இருக்கிறத ஒளிச்சுப்போடும். பதின்மூண்டு வயசில இருந்து 130க்கு 80 கணக்கு, அதுக்குக் கீழ வயசு, உயரம், பெடியனோ பெட்டையோ எண்டு அட்டவணை பாக்கவேணும், வீட்டு மிஷினில வாற நம்பர வச்சு நீங்களே முடிவெடுக்காதேங்கோ.

அந்தப் பெடியன்ர ஜீன் டெஸ்ட் கொழுவுப்பட்ட ஜீன் எண்டுதான் வந்தது. இப்ப ராவில ஒரு சின்னக் குளிசை, தலையிடி இல்ல. தகப்பனுக்கும் அதே ரிசல்ட், அவற்ற குளிசையளையும் மாத்தியாச்சு. அப்பம்மா ஒருநாள் தன்ர மனிசன்ர படத்தக் கொண்டுவந்து மேசையில வச்சிட்டு, "அப்ப இவருக்கும் இதுதானோ தம்பி?" எண்டு கேட்டா. இருக்கலாம் அம்மா எண்டன், அதுக்கு மேல சொல்ல வாய் வரேல்ல. தங்கச்சிக்காரியையும் பாக்கவேணும், நாலு வயசு, ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு வந்தும் கையில பட்டியக் கட்ட விடுறாளில்ல, அடுத்த முறை அண்ணனுக்கு முதல்ல கட்டிக் காட்டுவம் எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறன்.