பாலம் கட்டியவர் பெண்மணியா? சாட்பாட் தடுமாறும் இடம்

(காட்சி: வண்ணார்பேட்டைப் பக்கமிருந்து சுலோச்சன முதலியார் பாலம், கீழே தாமிரபரணி)

வணக்கம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கிற இந்தப் பாலத்தில் 1843ஆம் ஆண்டிலிருந்து போக்குவரத்து நடக்கிறது. இதைக் கட்டியது யார் என்று பள்ளிக்கூட வினாடி வினாவுக்காக என் தங்கச்சி மகன் போனில் ஒரு சாட்பாட்டிடம், அதாவது கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் நிரலிடம், கேட்டான். "சுலோச்சனா என்ற வள்ளல் பெண்மணி" என்று பதில் வந்தது. நல்ல தமிழ், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டே வாய்விட்டும் படித்தான்.

அடுப்படியிலிருந்து எங்க அம்மா குரல் கொடுத்தார்கள்: "ஏலே, அவரு ஆம்பளைலே! கலெக்டர் கச்சேரியில வேல பாத்தவரு. சொந்தக் காசப் போட்டுக் கட்டினாரு."

(காட்சி: போன் திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன)

அம்மா சொன்னதுதான் சரி. அப்படியானால் பெண்மணி எங்கிருந்து வந்தார்?

நான் "இருட்டுக்கடை" என்று சொன்னால் உங்கள் வாய் தானாக "அல்வா" என்று முடிக்கும். யோசிக்கவே வேண்டாம், அத்தனை தடவை கேட்டிருக்கிறோம். சாட்பாட்டுக்குள் இருக்கிற மொழி மாடல் செய்வதும் ஏறக்குறைய அதுதான். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று பழகியிருக்கிறது. சுலோச்சனா என்றால் அது படித்ததில் பெரும்பாலும் பெண்தான்: இந்திரஜித்தின் மனைவி, சினிமா நடிகை. நம்ம முதலியாரைப் பற்றி எழுதியிருப்பது சொற்பம். அதனால் பழகின பக்கமே சாய்ந்துவிட்டது. பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அதற்குக் கிடையாது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லும், சிக்கலே அங்கேதான்.

தமிழுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. மாடல் எழுத்தைத் துண்டு துண்டாக்கித்தான் படிக்கும். அது படித்ததில் ஆங்கிலமே அதிகம் என்பதால் ஆங்கிலச் சொல் பல நேரம் முழுசாக ஒரே துண்டு. தமிழ்ச் சொல் பல துண்டாக உடையும்.

(காட்சி: பழைய மரப்பெட்டி டிவி, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் கூட்டம்)

டிவியும் தப்புச் சொல்லியிருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது. நம்ம மலையின் பெயரைத்தான் பிறகு 'பொதிகை' என்று அந்தச் சேனல் வைத்துக்கொண்டது; 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆனது. எனக்கு டிவியில் பிடித்த விஷயம், அது கூடத்தில் இருந்தது. செய்தியில் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னால், சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தா உடனே திருத்துவார். பத்துப் பேர் காதிலும் தப்பும் விழும், திருத்தமும் விழும்.

சாட்பாட் அப்படியில்லை, ஆளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்விடும். இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற முதல் சாட்பாட்டைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் சின்ன நிரல், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்த செயலாளர், அதனோடு கொஞ்ச நேரம் பேசியதும், "நீங்கள் வெளியே போங்கள்" என்று அவரையே கேட்டுக்கொண்டாராம்.

எங்க வீட்டில் பையன் சத்தமாகப் படித்ததால்தான் அம்மா காதில் விழுந்தது. போனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம ஊர்ச் சங்கதியைக் கேட்டால், வந்த பதிலை வீட்டில் நாலு பேர் கேட்க வாசியுங்கள்.

(காட்சி: புன்னக்காயல் கடற்கரை)

அன்றைக்கு அம்மா அவனைச் சும்மா விடவில்லை. "ஆறு எங்கலே கடல்ல சேருது? அதையும் கேட்டு வாசி." பொதிகை மலையில் பிறந்து, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேருகிறது என்று வாசித்தான். சரியான பதில், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அம்மா தலையை ஆட்டிவிட்டு, நோட்டை வாங்கிப் 'பெண்மணி'யை ஒரு கோடு போட்டு அடித்தார்கள்.