ஊருக்காகப் போட்ட ஆண் வேடம்

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே குறிப்பெடுக்கும் நண்பர்களே, காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, வீட்டில் "போனைக் கீழே வை" என்று திட்டு வாங்கிவிட்டு அதே போனுக்குள் இருக்கிற விஷயத்தைக் கேட்க இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"கில்டி கியர் விளையாட்டில் வரும் பிரிட்ஜெட், பெண் உடை போட்ட பையனா, தன்னைப் பெண் என்று அறிந்துகொண்டவளா?" இதுதான் தலைப்பு. நாங்கள் இரண்டாவது கட்சி. முன்வரிசையில் ஒரு தாத்தா "யாரும்மா அந்த பிரிட்ஜெட்டு?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் செய்யும் சண்டை விளையாட்டு இது. 2002-ல் வந்த 'கில்டி கியர் எக்ஸ்2'-வில் பிரிட்ஜெட் அறிமுகம். கன்னியாஸ்திரி மாதிரி ஒரு அங்கி, ஆயுதம் என்று பார்த்தால் யோ-யோ, துணைக்கு ரோஜர் என்று ஒரு கரடி பொம்மை. பிறந்த ஊரில் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. இரட்டையாக ஆண் பிள்ளைகள் பிறந்தால் ஊருக்கு ஆகாதாம். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே என்று பெற்றவர்கள் ஒன்றைப் பெண்ணாக வளர்த்தார்கள். இப்படிச் செய்துவிட்டோமே என்று அவர்கள் உள்ளுக்குள் புழுங்குவதைப் பார்த்த பிள்ளை ஒரு முடிவெடுக்கிறது: ஆம்பளையாக நடந்து காட்டுவேன், சம்பாதித்துக்கொண்டு வருவேன், ஊர் சொல்வது பொய் என்று நிரூபிப்பேன். அப்புறம் தலைக்கு விலை வைத்த குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலைக்குக் கிளம்புகிறது.

எதிரணித் தலைவர் நம் வடாற்காட்டுத் தெருக்கூத்தைச் சாட்சிக்கு இழுத்தார். விராட பருவத்தில் அர்ஜுனன் பிருகன்னளையாக வந்து பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்தான், ஓராண்டு முடிந்ததும் காண்டீபத்தை எடுத்தான், பிரிட்ஜெட்டும் அதே கதைதான் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, நல்ல சாட்சியைத்தான் கொண்டுவந்தீர்கள், ஆனால் அந்தச் சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறதே! அர்ஜுனனுக்குக் கெடு இருந்தது. கெடு முடிந்த மறுநிமிடம் வேடம் போய்விட்டது. 1997-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7'-ல் கிளவுட் என்ற வீரன், ஒரு தாதாவின் மாளிகைக்குள் நுழையப் பெண் வேடம் போடுகிறான். உள்ளே போன காரியம் முடிந்ததும் கவுனும் இல்லை, சவுரியும் இல்லை. அதுதான் வேடம்.

சரி, பிரிட்ஜெட்டின் கெடு எப்போது முடிந்தது? பெண்ணாக இரு என்று அவளைக் கட்டாயப்படுத்தியது ஊரின் பயம். 2022 ஆகஸ்டில் 'கில்டி கியர் ஸ்ட்ரைவ்'-இல் அவள் திரும்பி வரும்போது அந்த பயமே ஊரில் இல்லை. அவள் ஜெயித்துவிட்டாள். பையனாக வாழ்ந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. வீட்டிலும் சந்தோஷம்தான். எதிரணி சொல்வதுபோல் அவள் வேடம் போட்ட பையனாக இருந்தால், நிம்மதியாக மூச்சுவிட வேண்டிய நேரம் அது. அவளுக்கோ அப்போதுதான் நெருடல் ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தை எதிரணி வேகமாகத் தாண்டிப் போய்விட்டது. நான் கொஞ்சம் நின்று பேசுகிறேன். உடையை விடுங்கள். 2002-லும் கன்னியாஸ்திரி அங்கிதான், 2022-லும் ஏறக்குறைய அதே கோலம்தான். அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. "நான் பையன்" என்று அவள் அன்று சொன்னாளே, அதை ஏன் சொன்னாள் என்று பாருங்கள். ஊரைப் பொய்யாக்க. பெற்றவர்களின் குற்ற உணர்ச்சியை ஆற்ற. கவுன் எப்படி அடுத்தவர்களுக்காகப் போட்டதோ, அந்த ஆண்மையும் அப்படியே அடுத்தவர்களுக்காகப் போட்டதுதான். எதிரணி ஒரு வேடத்தை மட்டும் கலைத்துவிட்டு, இன்னொன்றை அசல் முகம் என்கிறது.

"இருபது வருஷமாக விளையாட்டே அவன் என்றுதானே சொன்னது" என்றார் இரண்டாவதாகப் பேசிய தம்பி. நம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலைத் தலைமுறை தலைமுறையாகச் சாமி இல்லாத கோயில் என்றுதான் சொன்னோம். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து சேர்ந்தது. தம்பி இன்னமும் சாமி இல்லை என்று பிராகாரத்தில் நின்று அடம்பிடிப்பார் போலிருக்கிறது.

விளையாட்டின் கர்த்தா டைசுகே இஷிவாதாரி, 2022 செப்டம்பரில் 'அவள்' என்பதே சரி என்று எழுதிவிட்டார். அதைக் காட்டியே நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று ஜெயிப்பது பட்டிமன்றத்துக்கு அழகில்லை. கதைக்குள்ளேயே ஆதாரம் இருக்கும்போது சிபாரிசுக் கடிதம் எதற்கு?

எதிரணியில் அந்த அக்கா சொன்ன ஒன்று மட்டும் எனக்கு உறைத்தது. கவுன் பிடித்த பையன், பையனாகவே இருக்கக் கூடாதா, அப்படி ஒருவனைப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். நியாயமான வருத்தம், அக்கா. தாராளமாக இருக்கலாம். அப்படி ஒரு பாத்திரத்தை எழுதினால் அவனுக்காக வாதாட நானே வருகிறேன். அந்த இடத்தை நிரப்புவதற்காக இவளைத் திரும்பவும் பையனாக்கினால், ஊரும் வீடும் செய்ததை மூன்றாவது முறையாக நாம் செய்கிறோம். நம் நாட்டு உச்ச நீதிமன்றமே 2014 ஏப்ரல் 15 அன்று, தன் பாலினத்தைச் சொல்லும் உரிமை அந்த மனிதருக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நடுவர் கை மணி மேல் போய்விட்டது, பார்த்துவிட்டேன். ஒரே ஒரு காட்சி.

விளையாட்டில் ஒவ்வொரு எதிராளியாகச் சண்டை போட்டுக் கதையில் முன்னேறும் 'ஆர்கேட்' பகுதியில், நாம் ஆடுகிற விதத்தைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். ஒரு கிளையின் முடிவில் கோல்ட்லூயிஸ் என்ற அமெரிக்க அதிகாரி, சவப்பெட்டியையே ஆயுதமாகச் சுழற்றுகிற ஆஜானுபாகு, அவளைக் கௌபாய் என்பதா கௌகேர்ள் என்பதா என்று தடுமாறுகிறார். கௌகேர்ள் என்றே சொல்லுங்கள், நான் பெண்தான் என்கிறாள் அவள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒரு பதில் சொல்லட்டும். பையன் என்று சொன்னது ஊருக்காக. பெண்ணாக வளர்ந்தது பெற்றவர்களுக்காக. இதை யாருக்காகச் சொன்னாள்? அந்தக் காட்சியில் ஊரும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. நன்றி, வணக்கம்.